கடலடி அடுப்பும் சுறா மீன்களும்

உலை கொதிக்கும் அடுப்பின் அருகே குழந்தை தவழ்ந்து சென்றால், கையிலுள்ள வேலையை விட்டுவிட்டு ஓடோடி வந்து வாரியெடுக்கிறாள் தாய். நெருப்பை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது மனிதன் கற்கும் முதற் பாடங்களுள் ஒன்று. காட்டில் தீப் பற்றினாலோ, யானை முதல் எறும்பு ஈறாக எல்லா உயிர்களும் தப்பியோடவே முயல்கின்றன. அவ்வாறிருக்க, பொங்கிக் குமுறும் எரிமலையின் வாய்க்குள்ளேயே சுறா மீன்கள் நீந்தித் திரிகின்றன என்று ஒருவர் கூறினால் நாம் நம்புவோமா? கதை கட்டுகிறார் என்றுதான் எண்ணுவோம். ஆனால் இது கதையன்று. காமிரா கண்ட உண்மை.

நிலத்தின் மேலுள்ள எரிமலைகளைப் பற்றி நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இத்தாலி நாட்டின் வெசூவியசும், இந்தோனேசியாவின் கிராக்கத்தோவாவும் நாம் அறிந்த பெயர்கள். எனினும் பூமியின் வயிற்றிலிருந்து வெளிப்படும் தீக்குழம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடலுக்கு அடியில்தான் வெளிப்படுகிறது என்பது பலருக்கும் தெரியாத செய்தி. மேலே அலைகள் அமைதியாகப் புரண்டுகொண்டிருக்க, அடியிலே மலைகள் பிறக்கின்றன. சில வேளை வெடித்துச் சிதறவும் செய்கின்றன. அந்த மலைகளின் நடுவே வாழும் உயிர்களின் கதை வியப்புக்குரியது. அது நமக்கு ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது.

கவாச்சியின் அடுப்பு

ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே, பசிபிக் மாகடலில், சாலமன் தீவுகள் என்னும் நாடு உள்ளது. அத்தீவுக் கூட்டத்தில் வாங்குனு என்னும் தீவுக்குத் தெற்கே, திறந்த கடலில், நீருக்கடியில் ஓர் எரிமலை நிற்கிறது. அதன் பெயர் கவாச்சி. அப்பகுதி மக்களின் பழைய நம்பிக்கையில் கவாச்சி என்பது ஒரு கடல் தெய்வத்தின் பெயர். எரிமலையை அவர்கள் 'கவாச்சியின் அடுப்பு' என்று பொருள்படும் சொல்லால் அழைத்து வந்தனர். கடல் நடுவே நீர் கொதித்து ஆவி எழுவதைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டவர்கள் இட்ட பெயர் எத்துணைப் பொருத்தம்!

இம்மலையின் அடிவாரம் ஆயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் உள்ளது. அதன் உச்சியோ கடல் மட்டத்துக்கு இருபது மீட்டர் அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. 1939ஆம் ஆண்டில் இதன் சீற்றம் முதன் முதலாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் பின்னர் பன்முறை அது பொங்கியெழுந்து, கடலுக்கு மேலே சிறு தீவாகத் தலை காட்டியுள்ளது. ஆனால் இளகிய சாம்பலாலும் கற்களாலும் ஆன அத்தீவுகள் நெடுநாள் நிலைப்பதில்லை. அலைகள் அவற்றை அரித்துக் கரைத்துவிடுகின்றன. பிறப்பதும் மறைவதுமாகவே கவாச்சியின் வாழ்வு நடைபெறுகிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும் அவ்விடத்தில் கடல் நீர் நிறம் மாறிக் கலங்கியிருந்ததை விண்வெளியிலிருந்து செயற்கைக் கோள் படம் பிடித்தது.

இத்தகைய இடத்தை மனிதன் நெருங்கிச் சென்று ஆராய்வது எளிதன்று. 1952ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஜப்பானுக்குத் தெற்கே மியோஜின் என்னும் கடலடி எரிமலையை ஆராயச் சென்ற 'கையோ மாரு' என்ற கப்பல், திடீரென எழுந்த வெடிப்பில் சிக்கி அழிந்தது. அதிலிருந்த 31 பேரும் மாண்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் விஞ்ஞானிகள். கடலடி எரிமலை முன்னறிவிப்புத் தருவதில்லை என்பதை உலகம் அன்று கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

காமிரா கண்ட காட்சி

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரென்னன் பிலிப்ஸ் என்னும் கடல் ஆராய்ச்சிப் பொறியியலாளர் தலைமையில் ஒரு குழு கவாச்சியை நாடிச் சென்றது. மலை சற்றே ஓய்ந்திருந்த வேளை அது. எனினும் விளிம்பை அணுகிய முக்குளிப்போர் வெப்பம் தாங்காமல் பின்வாங்க நேர்ந்தது. நீரில் கலந்திருந்த அமிலம் அவர்களுடைய தோலைச் சுட்டது. ஆகவே ஆட்களுக்குப் பதிலாகக் காமிராவை அனுப்பினர். எடை கட்டி இறக்கப்பட்ட அக்காமிரா, எரிமலை வாயின் உட்புறத்தில் ஏறத்தாழ 45 மீட்டர் ஆழத்தில் தங்கிப் படம் பிடித்தது.

அதனை மேலே எடுத்துப் பார்த்தவர்கள் தங்கள் கண்களையே நம்பவில்லை. கலங்கிய நீரில் குமிழிகள் திரள் திரளாக எழுந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே சொறி மீன்கள் மிதந்தன; சிறு மீன்கள் ஓடித் திரிந்தன. பின்னர், இருளிலிருந்து நிழல் பிரிவது போல, சுறாக்கள் வந்தன! பட்டுப் போன்ற வழவழப்பான தோல் கொண்ட பட்டுச் சுறாக்களும், தலையின் இருபுறமும் சம்மட்டி போல் நீண்டிருக்கும் கொம்பன் சுறாக்களும் எவ்வித அச்சமும் இன்றி அங்கே உலவின. நம் கடற்கரை மீனவர் வலையிலும் அகப்படுகின்ற அதே கொம்பன் சுறா இனந்தான் அது. ஆறு செவுள் பிளவுகளைக் கொண்ட அரிய வகைத் திருக்கை ஒன்றும் அம்மலைப் பகுதியில் காணப்பட்டது.

மனிதனின் தோலைச் சுட்ட நீர் அது. சாதாரணக் கடல் நீரைவிட வெப்பமும் அமிலமும் மிகுந்தது. எந்நேரமும் வெடிக்கக் கூடிய மலை வேறு. அங்கே இவை எவ்வாறு வாழ்கின்றன? வெடிப்பு வரும் முன்னர் அறிந்து விலகிச் செல்கின்றனவா? அன்றி வெடிப்பில் சிக்கி மாண்டுபோக, பிறகு புதியவை வந்து சேர்கின்றனவா? இக்கேள்விகளை எழுப்பிய விஞ்ஞானிகளின் கவனம் சுறாவின் புலன்கள் மீது சென்றது.

சுறாவின் புலன்கள்

ஐம்புலன்களால் உலகை அறிகிறோம் நாம். சுறாவுக்கோ அவற்றுக்கு மேலும் புலன்கள் உண்டு. அதன் உடலின் இரு மருங்கிலும் தலையிலிருந்து வால் வரை ஒரு நுண்ணிய கோடு ஓடுகிறது. நீரில் எழும் சிறு அசைவையும் அக்கோடு உணர்த்திவிடும். செவியோ, மனிதச் செவிக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலிகளையும் கேட்க வல்லது. நீரில் ஒலி, காற்றில் செல்வதைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் செல்லும் என்பதை நினைவில் கொள்வோமாயின், மலையின் அடிவயிற்றில் எழும் உறுமலைச் சுறா எத்துணை விரைவில் அறியக்கூடும் என்பது விளங்கும்.

இன்னொரு புலன் இதனினும் விந்தையானது. சுறாவின் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் போல நூற்றுக் கணக்கான துளைகள் உள்ளன. கூழ் போன்ற பொருள் நிறைந்த நுண்குழாய்களின் வாய்கள் அவை. 1678ஆம் ஆண்டிலேயே ஸ்தெபானோ லொரென்சினி என்னும் இத்தாலிய மருத்துவர் இவற்றை விவரித்து எழுதினார். ஆனால் இவை எதற்காக என்பது அவருக்கோ அவருக்குப் பின் வந்த பல தலைமுறையினருக்கோ விளங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில்தான் உண்மை தெளிவாயிற்று. உயிர்களின் தசை அசையும்போது எழும் மிக மெல்லிய மின்னோட்டத்தை அறியும் கருவிகள் அவை! மணலுக்கடியில் புதைந்து கிடக்கும் மீனையும், கண்ணால் காணாமலே, அதன் மின்னோட்டத்தைக் கொண்டு சுறா கண்டுபிடித்துவிடும் என்பதை 1971ஆம் ஆண்டில் கால்மைன் என்னும் விஞ்ஞானி சோதனைகள் வாயிலாக நிறுவினார்.

சுறாக்கள் எரிமலைகளையே வழிகாட்டியாகக் கொள்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. மெக்சிகோ நாட்டையொட்டிய கலிபோர்னியா வளைகுடாவில் ஒரு கடலடிக் குன்று உள்ளது. பகலில் கொம்பன் சுறாக்கள் அங்கே கூட்டங் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இரவில் கணவாய் முதலியவற்றை வேட்டையாட நெடுந்தொலைவு சென்று, விடியுமுன் மீண்டுவிடும். காரிருளில், அடித்தரையும் தெரியாத ஆழ்கடலில், வழி தவறாமல் அவை திரும்புவது எப்படி? அமெரிக்க விஞ்ஞானி பீட்டர் கிளிம்லி 1980களில் அச்சுறாக்களின் உடலில் ஒலி எழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தி, அவற்றைப் படகில் பின்தொடர்ந்தார். அவை சென்ற பாதைகள், கடல் தரையின் காந்தப் புலத்தில் காணப்பட்ட மேடு பள்ளங்களோடு ஒத்திருந்ததை 1993ஆம் ஆண்டில் வெளியிட்டார். தீக்குழம்பு உறைந்து பாறையாகும்போது அதிலுள்ள இரும்புத் துகள்கள் பூமியின் காந்தத் திசையைத் தம்முள் பதித்துக்கொள்கின்றன. என்றோ ஆறிப்போன நெருப்பின் தடம், கடலில் சுறாவுக்குச் சாலையாகிறது.

அழிவின் முகம்

இவ்வளவும் கேட்ட பின், எரிமலை கடல் உயிர்களுக்குத் தீங்கே செய்யாது என்று எண்ணிவிடக் கூடாது. அது கொல்லும், கூட்டங் கூட்டமாகக் கொல்லும்.

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஸ்பெயின் நாட்டுக்குரிய கானரித் தீவுகளுள் எல் இயெர்ரோ என்பது ஒன்று. அதன் தென்முனையில் லா ரெஸ்திங்கா என்னும் சிறு மீனவர் ஊர் உள்ளது. அவ்வூரை அடுத்த கடலுக்கு 'அமைதிக் கடல்' என்று பொருள்படும் பெயர். அங்கே 1996ஆம் ஆண்டில் மீன் வளக் காப்பகம் ஒன்றும் ஏற்படுத்தப்பட்டிருந்தது. 2011ஆம் ஆண்டு ஜூலை முதல் தீவில் ஆயிரக்கணக்கான சிறு நில அதிர்வுகள் பதிவாயின. அக்டோபர் 10ஆம் நாள், ஊரிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், கடலடியில் எரிமலை வாய் திறந்தது.

நீலக் கடல் பச்சையாகவும் பழுப்பாகவும் மாறிற்று. கந்தக நாற்றம் ஊரெங்கும் பரவிற்று. வெளியே கருமையும் உள்ளே வெண்மையுமாகப் புகையும் கற்கள் அலைகளின் மேல் மிதந்து வந்தன. நீர் சூடேறியது, அமிலம் மிகுந்தது, பிராண வாயு அற்றுப்போயிற்று. மீன்கள் செத்து மிதந்தன. ஊரார் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மீன்பிடித் தொழில் அடியோடு நின்றது. கடலையே நம்பி வாழ்ந்த குடும்பங்கள் கரையில் நின்று, தங்கள் கடல் சாவதைக் கண்ணாரக் கண்டன. 2012ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை அச்சீற்றம் நீடித்தது.

இதனினும் பன்மடங்கு பெரியது, 2022ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தென் பசிபிக்கிலுள்ள தொங்கா நாட்டில் நிகழ்ந்த ஹுங்கா தொங்கா எரிமலை வெடிப்பு. அதன் சாம்பல் மேகம் 57 கிலோமீட்டர் உயரத்திற்கு எழுந்தது. ஆழிப் பேரலைகள் கரைகளைத் தாக்கின. நீருக்கடியிலோ, பாறையும் சாம்பலும் கலந்த பெருவெள்ளம் மலைச் சரிவில் மணிக்கு 122 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் உருண்டோடி, கடலடித் தகவல் கம்பிகளை அறுத்தெறிந்தது. அது சென்ற வழியெங்கும் கடல் தரையில் வாழ்ந்த உயிர்கள் புதையுண்டன. சில காலம் சென்று அங்கே ஆராய்ந்தவர்கள், உயிரற்ற சாம்பல் பாலையையே கண்டனர். நீந்திச் செல்ல வல்லவை தப்பியிருக்கக் கூடும். ஒட்டிக்கொண்டும் ஊர்ந்தும் வாழும் நத்தை, சிப்பி, பவளம் போன்றவற்றுக்கு ஓடுவதற்குக் காலேது, துடுப்பேது? எனினும் பெருவெள்ளம் எட்டாத அயற்குன்றுகள் சிலவற்றில் உயிர்கள் எஞ்சியிருந்தன. அவையே நாளை அப்பாலையை மீண்டும் நிரப்பவிருக்கும் விதைகள்.

சாம்பலில் முளைத்த வாழ்வு

அழித்த கையே வளர்க்கவும் செய்கிறது. எரிமலையிலிருந்து வெளிப்படும் நீரில் இரும்பு முதலிய தாதுப் பொருள்கள் நிறைந்துள்ளன. வயலுக்கு எரு எவ்வாறோ அவ்வாறே இவை கடலின் நுண்ணிய பாசிகளுக்கு உணவாகின்றன. பாசி பெருகினால் அதனை உண்ணும் சிற்றுயிர் பெருகும். சிற்றுயிர் பெருகினால் மீன் பெருகும். மீன் திரளும் இடத்தை நாடிச் சுறா வரும். ஹுங்கா தொங்கா வெடித்த இரண்டொரு நாள்களுக்குள்ளேயே அருகிலுள்ள கடற்பரப்பில் பாசி பெருமளவில் செழித்ததைச் செயற்கைக் கோள்கள் காட்டின.

எல் இயெர்ரோவிலும் இவ்வாறே நிகழ்ந்தது. சீற்றம் தணிந்தபின் மீன்கள் படிப்படியாகத் திரும்பின. 2014ஆம் ஆண்டில் புதிய எரிமலையின் உச்சிப் பகுதியை ஆராய்ந்த விஞ்ஞானிகள், கரும்பாறைகளின் மேல் வெண்ணிறக் கூந்தல் விரித்தாற்போன்ற ஒரு படலத்தைக் கண்டனர். இரண்டாயிரம் சதுர மீட்டர் அளவுக்குப் பரந்திருந்த அது, அதற்குமுன் எவரும் அறிந்திராத பாக்டீரியா இனம். அதற்கு அவர்கள் 'வீனஸின் கூந்தல்' என்று பெயரிட்டனர். வெந்து தணிந்த பாறையில் முதற் குடியேறியாக வந்த அந்த நுண்ணுயிர், தன்னைத் தொடர்ந்து வந்த புழுக்களுக்கும் நண்டினத்துக்கும் உணவும் உறைவிடமும் ஆயிற்று.

ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளின் கதையும் இதைப் போன்றதே. 1977ஆம் ஆண்டில் கலாபகோஸ் தீவுகளின் அருகே, 'ஆல்வின்' என்னும் சிறு நீர்மூழ்கியில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்திற்கு இறங்கியவர்கள், கதிரவன் ஒளி என்றுமே எட்டாத இடத்தில் உயிர்கள் செழித்திருக்கக் கண்டனர். அங்கு வாழும் செந்நிற முனை கொண்ட பெருங்குழாய்ப் புழுக்களுக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அவற்றின் உடலுக்குள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்கள், அழுகிய முட்டை நாற்றம் வீசும் கந்தக வாயுவைக் கொண்டு உணவு ஆக்கிக் கொடுக்கின்றன. நமக்கு நஞ்சாவது அங்கே அன்னமாகிறது!

நெஞ்சை நெகிழச் செய்யும் மற்றொரு காட்சியும் கலாபகோஸ் கடலிலேயே கிடைத்தது. 2015ஆம் ஆண்டில், ஆயிரத்து அறுநூறு மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கரும்புகை கக்கும் ஊற்றுகளின் அருகே திருக்கை முட்டைகள் சிதறிக் கிடந்தன. எண்ணியபோது 157 இருந்தன. சுறாவுக்கு உறவான ஆழ்கடல் திருக்கை ஒன்றின் முட்டைகள் அவை. அவற்றுள் பெரும்பாலானவை, சுற்றிலும் உள்ள குளிர் நீரைவிடச் சற்றே வெதுவெதுப்பான நீரில் இடப்பட்டிருந்தன. ஆழ்கடலின் கடுங்குளிரில் இத்தகைய முட்டைகள் பொரிய ஆண்டுகள் பல ஆகும். அக்காலத்தைக் குறைக்கவே தாய்மீன்கள் பூமியின் வெப்பத்தை நாடுகின்றன என விஞ்ஞானிகள் 2018ஆம் ஆண்டில் எழுதினர். கோழி அடைகாப்பதைக் கண்டிருக்கிறோம். இங்கே எரிமலையே அடைகாக்கிறது! கொதிநீருக்கு மிக நெருங்கினால் முட்டை வெந்துவிடும். மிக விலகினால் குளிரில் காலம் நீளும். இரண்டுக்கும் இடையே சரியான தொலைவைத் தாய் அறிந்திருக்கிறாள்.

எது பெரிய நெருப்பு?

கடலடி நெருப்போடு வாழக் கற்றவை சுறாக்கள். அவற்றின் குலம் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் வாழ்ந்து வருகிறது. பூமியை உலுக்கிய பேரழிவுகள் பலவற்றைக் கண்டும் அக்குலம் அழியவில்லை. டைனோசர்கள் மறைந்தன, சுறாக்கள் எஞ்சின. அத்தகைய குலம் இன்று தளர்ந்து நிற்கிறது. 1970ஆம் ஆண்டிலிருந்து 2018 வரையிலான ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குள் திறந்த கடலில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டன என்று 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறுகிறது. கவாச்சியின் வாயில் அஞ்சாது நீந்திய அக்கொம்பன் சுறா இனம், 2019ஆம் ஆண்டில், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இதற்குக் காரணம் எரிமலையா? அன்று. அளவுக்கு மீறிய மீன்பிடிப்பு. பல கிலோமீட்டர் நீளமுள்ள கயிறுகளில் ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கோத்து இழுக்கும் பெருங்கப்பல்கள் ஒருபுறம். விலையுயர்ந்த சூப்புக்காகத் துடுப்பை மட்டும் அறுத்தெடுத்து, உயிரோடு உடலைக் கடலில் எறியும் கொடுமை மறுபுறம். சுறா, மத்தியைப் போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மீனன்று. கொம்பன் சுறா பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். பின்னர் மாதக்கணக்கில் கருவைச் சுமந்து, மனிதரைப் போலவே குட்டியை உயிருடன் ஈனுகிறது. எடுக்கும் வேகத்துக்கு ஈடாகப் பிறக்கும் வேகம் இருப்பதில்லை. எரிமலை பல ஆண்டுகளுக்கு ஒருமுறை சீறி, பின் ஓய்ந்து, தான் அழித்ததைத் தானே உரமிட்டு வளர்க்கிறது. மனிதனின் தூண்டிலோ ஓய்வதே இல்லை. எதையும் திருப்பித் தருவதும் இல்லை.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு ஆக்கிக் கொடுப்பது நம் கடலோர இல்லங்களின் பழைய வழக்கம். அதனைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. வயிற்றுக்காகச் சிறு படகில் சென்று பிடிக்கும் மீனவனையும், ஆடம்பரத்துக்காகக் கடலை வழித்தெடுப்போரையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியுமாகாது. ஆயினும் சினைச் சுறாவையும் இளங்குட்டிகளையும் விட்டுவைப்பது, நாளை நம் பிள்ளைகளின் வலைக்காக இன்று நாம் செய்யும் சேமிப்பேயாகும்.

லா ரெஸ்திங்கா ஊரார் இதனைத் தம் துன்பத்திலிருந்தே கற்றனர். எரிமலை ஓய்ந்ததும் அவர்கள் உடனே கடலில் பாய்ந்து எஞ்சியதை அள்ளிவிடவில்லை. மீன்கள் மீளும்வரை மீன்பிடி நிறுத்தப்பட்டிருந்தது. கடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள அவகாசம் பெற்றது. கரையிலும் மறுபடி படகுகள் அசைந்தன.

அடுப்பு சுடும், அதே அடுப்புத்தான் சோறும் ஆக்குகிறது. அதனருகே எவ்வளவு நெருங்கலாம், எப்போது விலகலாம் என்பதைச் சுறா அறிந்திருக்கிறது. முட்டையிடும் திருக்கையும் அறிந்திருக்கிறது. கடலிடம் எவ்வளவு எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நாம் என்று அறியப் போகிறோம்?